நீ ஒடித்த குண்டுமல்லிக் கிளை

இன்று மழை விட்டதும் குண்டுமல்லி வாசம் வீட்டுக்குள் வந்தது. அம்மா பறித்துப் போட்ட பூவை எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்குப் பங்கு வைத்தேன். ஒரு வாழையிலைத் துண்டில் மட்டும் அரும்பாகப் பொறுக்கி வைத்திருந்தேன். உனக்கு விரிந்த பூ பிடிக்காது. வைத்து முடித்த பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அம்மா பூவை யாருக்கும் தருவாள். கிளையைத் தரமாட்டாள். கிளை போனால் வீட்டு லட்சுமியும் கூடப் போய்விடுவாள் என்பாள். நீ அதே லயத்தில் என்னோடு வளர்ந்தவள்; என் அம்மா உனக்கு அத்தை, உன் அம்மா எனக்கு அத்தை. உனக்குக் கோத்தா திங்கி ஊரில் மாப்பிள்ளை நிச்சயமானதும் அங்கே கொண்டுபோய் நட ஒரு கிளை வேண்டும் என்றாய்.

"அம்மா தராதுடி" என்றேன்.

"கேட்டு வாங்கினா வேர் பிடிக்காதாம். திருடித்தான் நடணும். நான் ஒடிக்கிறேன். அத்தை கேட்டா கோழின்னு சொல்லு."

நான் அம்மா வேலையிலிருந்து வரும் வழியைப் பார்த்தேன்.

"வாயில என்னடி, ரப்பர் பால் ஒட்டிக்கிச்சா?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். சரி என்று தலையாட்டினேன்.

அம்மா ரப்பர் பால்வெட்டு வேலையிலிருந்து அன்றைக்குப் பார்த்துச் சீக்கிரம் திரும்பிவிட்டாள். கிளை முறிந்த சத்தம் கேட்டு, "செடிகிட்ட யாரு?" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள். கோழி என்ற ஒரு சொல் எனக்கு வரவில்லை. அவள் வெளியே வந்தபோது கிளை உன் கையில் இருந்தது.

"யாருடி ஒடிக்கச் சொன்னது?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

"நானாத்தான் ஒடிச்சேன், அத்தை."

"கல்யாணம் ஆகப்போற பொண்ணுக்குத் திருட்டுக் கை!" லயமே எட்டிப் பார்த்தது. அம்மா கிளையைப் பிடுங்கிக்கொண்டாள். நீ பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாய்.

பதினைந்து நாளில் உனக்குக் கல்யாணம். அடுத்த மழைக்காலத்தில், குளிர்காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று சேதி வந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசியதே இல்லை. உன் பதினாறாம் நாள் காரியத்தில், அம்மா பக்கத்தில் இருக்கும்போதே உன் அம்மாவிடம் சொன்னேன்: "அவ திருடல, அத்தை. எனக்குத் தெரிஞ்சுதான் ஒடிச்சா. நான்தான் வாயைத் திறக்கல."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உன் அம்மா என் தலையைத் தடவினார்கள்.

"தெரியும்மா. அன்னிக்கே வந்து சொல்லிட்டா. 'பாவம்மா அவ, பயந்து முழிச்சா பாரு'ன்னு உன்னை மாதிரியே முழிச்சுக் காட்டி ஒரே சிரிப்பு. ரெண்டு நாள் உங்க வாசல்ல வந்து நின்னாளாமே, நீ வெளியவே வரலையாமே?"

நின்றாய். கதவிடுக்கில் பார்த்தேன். திட்ட வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். தலைவலி என்று சொல்லி உன் கல்யாணத்துக்கும் வரவில்லை.

நீ கோபமாகவே இல்லை. உன்னிடமிருந்து ஒளிந்து நான் வீணாக்கிய அந்தப் பதினைந்து நாளைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.