வெள்ளையடித்த சுவர்

மார்ச் 6, திங்கள்

இது டெரெக் தனக்கென்று வாங்கிய டைரி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தள்ளுபடியில் எடுத்தார். எந்தக் குதிரை, எந்தப் பந்தயம் என்று ஜனவரியில் இரண்டு பக்கம் எழுதினார். அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம் அவர் இல்லை. மீதி வெறும் பக்கமாகக் கிடக்கிறதே என்று நான் எழுதுகிறேன். எனக்குப் படிப்பு போதாது, எழுத்து கோணல்மாணல். யார் பார்க்கப் போகிறார்கள்.

ஃபாக்டரியில் இன்று முழுக்க ஹாடக் மீன். வீட்டுக்கு வந்தால், வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் கம்பெனியின் கடிதம். உங்கள் கணவர் மறைவுக்கு வருந்துகிறோம் என்று இரண்டு வரி. அதே உறைக்குள் ஒரு துண்டுத்தாள். சுவரில் ஓதம் ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று. ஜன்னலைத் திறந்து வையுங்கள். துணியை வீட்டுக்குள் காயப்போடாதீர்கள். கொதிக்கும் சட்டியை மூடி வையுங்கள்.

படுக்கையறைச் சுவரில் இருக்கும் பூசணம்தான் டெரெக்கின் நெஞ்சுக்குள்ளும் போய்விட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் வாயால் சொன்னார். எழுதும்போது நெஞ்சு நோய் என்று மட்டும் எழுதினார். ஏன் என்று கேட்டேன். "நான் உங்க சுவரைப் பாக்கலையேம்மா" என்றார்.

மார்ச் 8, புதன்

லண்டனிலிருந்து ஃபோன். பெயர் இமோஜென். திங்கட்கிழமை ராத்திரிகளில் மந்திரிகளையும் கம்பெனிக்காரர்களையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்களே, அந்த டிவி நிகழ்ச்சி. டெரெக் ஒரு வாரம்கூட விடாமல் பார்ப்பார், பெட்டியைப் பார்த்துக் கத்துவார். கீழ்வீட்டு ஜானிஸ் எனக்குத் தெரியாமல் அவர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சுன்னு நாடே பாக்கணும் கெயில். எங்களுக்கு அந்தச் சுவர்தான் வேணும்" என்றாள் இமோஜென். கடைசியில், "எங்களுக்காக எதுவும் பண்ணி வைக்காதீங்க. வீடு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

நல்ல மரியாதை தெரிந்த பெண். யார் வீட்டுக்கு யார் வந்தாலும் இதைத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டு யாராவது சும்மா இருப்பார்களா?

மார்ச் 11, சனி

இடுப்பு விட்டுப்போயிற்று. காலையிலிருந்து பிளீச்சிங்கும் பிரஷ்ஷும். டெரெக் படுத்த பக்கத்துச் சுவர்தான் மோசம். ஜன்னல் மூலையிலிருந்து கட்டில் வரை கறுப்பு. நாலு வாளி தண்ணீர் மையாகப் போயிற்று. ஜானிஸ் பெயிண்ட் டப்பாவோடு வந்தாள்.

"கேமராவுல மூக்குத் துவாரம்கூடத் தெரியுமாம்டி. நல்லா ரெண்டு கை அடி."

"நீதானே அந்தப் பொண்ணுக்கு எழுதினே. உன் வீட்டையும் வந்து பாக்கச் சொல்லேன்."

"ஐயோ, என் வீட்டுக்குள்ள ஒருத்தரும் வேண்டாம்மா. கெல்லியும் கைக்குழந்தையும் இருக்காங்க, பாத்தா என்ன சொல்வாங்க?"

ஜானிஸின் மகள் கெல்லி. குழந்தை மேசி இருமுவது தரை வழியாக என் வீடு வரை கேட்கும்.

இரண்டு கை அடித்தோம். பனி மாதிரி இருக்கிறது சுவர். டெரெக் பார்த்திருந்தால் —

மார்ச் 13, திங்கள்

எப்படி எழுதுவேன்.

வந்தார்கள். இமோஜெனும், கோல்ம் என்று கேமராக்காரரும். ஹாம் சாண்ட்விச் அடுக்கி, நல்ல கப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். இமோஜென் நேரே படுக்கையறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன், பெருமையாக. ஆமாம், பெருமையாகத்தான்.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெயிண்ட் வாடை.

"சுவர் எங்க கெயில்?"

"இதுதாம்மா."

அவள் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நீங்க எதுவும் பண்ணாதீங்கன்னு சொன்னீங்க, நான் அதை..." என்று ஆரம்பித்தேன்.

பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டித் தேடினோம். எந்தப் போட்டோவிலும் அது இல்லை. எப்போது போட்டோ எடுத்தாலும் நல்ல சுவருக்கு முன்னால்தான் நின்றிருக்கிறோம். ஒரு கிறிஸ்துமஸுக்கு மரத்தையே நகர்த்திக் கறுப்பை மறைத்திருக்கிறோம்.

கோல்ம் மட்டும் சாண்ட்விச் தின்றார். "சாண்ட்விச் பிரமாதம். சுவர் அதைவிடப் பிரமாதம், அதான் தலைவலி" என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார், பாவம். அப்புறம் நான் கெட்டிலில் தண்ணீர் பிடிப்பதை மூன்று தடவை எடுத்தார்கள். எதற்கென்று தெரியவில்லை. மூன்றாவது தடவை கை நடுங்கியது. அதுதான் நன்றாக வந்தது என்றார்கள்.

மார்ச் 14

கொலை செய்தவன் ரத்தத்தைக் கழுவுவான். செத்தவனின் பெண்டாட்டியே கழுவுவாளா?

மார்ச் 17, வெள்ளி

யார்மேல் குற்றம் சொல்கிறார்களோ அவர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் நிகழ்ச்சியில் படிக்க வேண்டுமாம். டிவிக்காரர்களின் முறை அது. இமோஜென் கம்பெனிக்கு எழுதியிருக்கிறாள். உடனே கம்பெனி ஆளை அனுப்பிவிட்டது. மிஸ்டர் ஃபிளெட்சர். டெரெக் உயிரோடு இருந்தவரை எத்தனை தடவை கூப்பிட்டும் எட்டிப் பார்க்காத ஆள்.

ஃபிளெட்சர் ஃபோனில் சுவரைப் படம் பிடித்தார். மேலே, கீழே, மூலை. முகமெல்லாம் சிரிப்பு.

"வீட்டைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க மிஸஸ் தர்ஸ்க். எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல."

"தேங்க்ஸ்" என்றேன்.

சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதோடு விட்டால் பரவாயில்லை — ஒரு நொடி எனக்கு சந்தோஷமாகவும் இருந்தது. சுத்தமானவள் என்று ஒருத்தர் சொல்லிவிட்டாரே என்று. பதினாறு வயதிலிருந்து மீன் ஃபாக்டரி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள். அன்றிலிருந்து தேய்த்துத் தேய்த்துக் குளிக்கிறேன். அதற்காக? அதற்காகவா அவருக்குத் தேங்க்ஸ் சொன்னாய், கெயில்?

மார்ச் 21, செவ்வாய்

இமோஜெனுக்குக் கம்பெனியின் பதில் வந்துவிட்டது. வீட்டைப் பரிசோதித்தோம், பூசணம் ஏதும் இல்லை. கூடவே ஃபிளெட்சர் எடுத்த படங்கள். டெரெக்கின் கதையை விட்டுவிடும்படி அவளுடைய மேலதிகாரி சொல்கிறாராம். லிங்கன் ஊரில் இதே மாதிரி வேறு ஒரு குடும்பம் இருக்கிறதாம், அதைக் காட்டினால் போதுமாம்.

ஜானிஸ் கேட்டதும் குதித்தாள். "என் வீட்டுச் சுவரை எடுத்துக்கிட்டு, கெயில் வீடுன்னு போடச் சொல்லு. யாருக்குத் தெரியப்போவுது? கறுப்பு எல்லா வீட்டுலயும் ஒரே கறுப்புதானே!"

ஃபோனில் அதையும் கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஒரே ஒரு பொய்யைக் கண்டுபிடிச்சாங்கன்னா, டெரெக் செத்ததே பொய்னு சொல்லிடுவாங்க கெயில்" என்றாள் இமோஜென்.

"அப்ப ஜானிஸ் வீட்டை ஜானிஸ் வீடுன்னே காட்டலாமா?"

"காட்டலாம். அவங்க சம்மதிக்கணும்."

ஜானிஸ் கையை உதறிவிட்டுக் கீழே போய்விட்டாள். அவளை நான் எந்த வாயால் குறை சொல்ல?

மார்ச் 24, வெள்ளி

கோல்ம் மட்டும் தனியாக வந்தார். கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கேமரா. அலமாரி மேல் வைத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். மணிக்கு ஒரு படம் அதுவே எடுத்துக்கொள்ளுமாம். இது இமோஜென் யோசனை. சுவர் இப்போது புத்தம் புதுசு. கம்பெனித் தாளில் சொன்னபடி எல்லாம் நான் செய்ய வேண்டும். ஜன்னல், சட்டி, துணி, ஒன்று விடாமல். அதற்குப் பிறகும் கறுப்பு வந்தால் யார்மேல் பழி சொல்வார்கள்?

"வரலைன்னா?" என்று கேட்டேன்.

"வரலைன்னா நல்லதுதானே கெயில். நீங்க நிம்மதியாத் தூங்கலாம்" என்றார். சொல்லிவிட்டு முகம் சிவந்துபோனார்.

வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். புருஷனைக் கொன்றதை வா வா என்று கூப்பிடுகிற பெண்பிள்ளை உலகத்தில் நான் ஒருத்திதான்.

மார்ச் 30

ஜன்னல் பகலெல்லாம் திறந்தே கிடக்கிறது. கடல் காற்று எலும்பைத் துளைக்கிறது. கோட்டு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். துணியெல்லாம் லாண்டரிக் கடையில். உடை மாற்றுவது பாத்ரூமில். சுவர் வெள்ளை.

ஏப்ரல் 4

ஜன்னல் மூலையில் மிளகுத்தூள் மாதிரி கறுப்பு. துடைக்கும் துணியை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

என் அக்கா வந்தாள். சுவரைப் பார்த்தாள். "டெரெக் போனதுக்கப்புறம் நீ இப்படி விட்டுட்டியே கெயில்" என்றாள். விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. அவள் தன் கோட்டைக் கட்டில்மேல் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 15

கை துறுதுறுக்கிறது. தொடவில்லை.

ஏப்ரல் 26

கட்டில் வரை வந்துவிட்டது. எனக்கும் இருமல். சோபாவில் படுக்கிறேன்.

மே 4, வியாழன்

இமோஜெனும் கோல்மும் வந்தார்கள். இப்போது காட்டச் சுவர் இருந்தது. மழைத்தண்ணீர்க் குழாய் உடைந்து வெளிச்சுவருக்குள்ளேயே இறங்குகிறதாம். கட்டடம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து ஏணி போட்டுக் காட்டினார்கள். ஜன்னலை எவ்வளவு திறந்தாலும் அது நிற்காது.

என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். விளக்கு முகத்தில்.

"முதல் தடவை நாங்க வர்றதுக்கு முன்னால ஏன் துடைச்சீங்க?" என்று கேட்டாள். கேட்க வேண்டாம் என்று கெஞ்சியிருந்தேன். நாம் கேட்காவிட்டால் கம்பெனி கேட்கும் என்று சொல்லிவிட்டாள்.

"வெட்கமா இருந்துச்சு" என்றேன். அதற்குமேல் நினைக்காததெல்லாம் வந்தது. "எங்க வீட்டுக்காரர் செத்ததைவிட, டிவியில பாக்கறவங்க என்னை அழுக்குப் பொம்பளைன்னு நினைச்சிடுவாங்களேன்னுதான் அன்னிக்குப் பயந்தேன். எங்க வீட்டுக்கு நாங்க யாரையும் கூப்பிட்டதே இல்ல. அவரு இருமுவாரு, நான் மெதுவா இருமுங்கன்னு சொல்வேன். பக்கத்துல கேக்குமேன்னு."

கோல்ம் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை எடுக்கவில்லை.

இப்போது அந்தப் பேச்சை நீக்கிவிடச் சொல்லலாமா என்று இருக்கிறது. இமோஜென் நம்பரை எடுத்தேன். கூப்பிடவில்லை.

மே 15, திங்கள்

ஜானிஸ் வீட்டில் பார்த்தேன். கெல்லி, மடியில் மேசி.

வெள்ளைச் சுவர். படம் படமாக ஓடியது. ஒரு மாதம் கண் இமைக்கும் நேரத்தில். கறுப்பு மூலையிலிருந்து கிளம்பிக் கட்டிலை நோக்கி நடந்தது. இடையிடையே ஒரு உருவம் வந்து வந்து போனது. கையில் துணியோடு நானேதான். சுவருக்கு முன்னால் நிற்கிறேன், அடுத்த படத்தில் இல்லை. பிறகு மறுபடி நிற்கிறேன். இத்தனை தடவையா நின்றேன்?

மந்திரியைக் காரில் ஏறும்போது பிடித்தாள் இமோஜென். நல்ல வீடு எல்லாருடைய உரிமை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். கம்பெனியின் பதிலைப் படித்தார்கள். மிகவும் வருந்துகிறதாம், விசாரிக்கிறதாம். டெரெக்கின் பெயரை முழுசாகச் சொன்னார்கள். டெரெக் தர்ஸ்க். எப்படிச் செத்தார் என்றும் சொன்னார்கள்.

என் பேச்சு வந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் ஜானிஸ் டிவியை அணைத்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசி இருமினாள்.

மே 16, செவ்வாய்

கேன்டீனில் நான் போனதும் பேச்சு நின்றது. பிறகு மீன் வெட்டும் வரிசையில் நிற்கிற லிண்டா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "எங்க வீட்டுல பீரோவுக்குப் பின்னால" என்றாள். அவ்வளவுதான். உருளைக்கிழங்கைத் தின்றாள்.

மே 30, செவ்வாய்

கம்பெனி எனக்கு வேறு வீடு தருகிறது. புதுசு, ஈரமே இல்லை. ஃபிளெட்சரே கூட்டிப்போய்க் காட்டினார். சாவி வாங்குவதைப் படம் எடுக்க ஒரு பையனையும் கூட்டிவந்திருந்தார்.

"ஜானிஸ் வீட்டுக்கு எப்ப?" என்று கேட்டேன்.

"வரிசைப்படி வரும், மிஸஸ் தர்ஸ்க்."

"நான் எந்த வரிசையில வந்தேன்?"

அவர் சாவியை நீட்டினார். வேண்டாம் என்று சாவியை அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். இருமலோடு பழைய வீட்டில் படுக்க எனக்கு பயம். படத்துக்கு மட்டும் நிற்கவில்லை. அது ஒரு பெரிய வீரமா.

ஜூன் 3, சனி

புது வீட்டில் முதல் தூக்கம். விடியும்வரை ஒரு இருமல் இல்லை. எழுந்து உட்கார்ந்து அழுதேன். ஜானிஸ் ஃபோன் பண்ணினாள், எடுக்கவில்லை. என்ன சொல்வேன், சுகமாக இருக்கிறேன் என்றா?

ஜூன் 5, திங்கள்

வேலை முடிந்து நேரே ஜானிஸ் வீட்டுக்குப் போனேன். "கெல்லியையும் குழந்தையையும் என்னோட அனுப்பு" என்றேன்.

"ஒரு பெட்ரூம் வீட்டுல எங்கடி போடுவே?"

"பெட்ரூம்ல அவங்க. சோபாவுல நான்."

"கம்பெனிக்காரன் சும்மா விடுவானா?"

"விடமாட்டான்."

ஜானிஸ் குழந்தையின் போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். மடித்துக்கொண்டே, "அந்த லண்டன் பொண்ணு நம்பரைக் குடு" என்றாள்.

ஜூன் 13, செவ்வாய்

பகல் பன்னிரண்டுக்கு மேல் கதவு தட்டினார்கள். ஃபிளெட்சர், கையில் குறிப்பெழுதும் அட்டை. வீட்டில் அனுமதி இல்லாத ஆட்கள் தங்குவதாக யாரோ சொன்னார்களாம், உள்ளே பார்க்க வேண்டுமாம்.

திரும்பி வீட்டைப் பார்த்தேன். சோபாவில் என் படுக்கை சுருட்டாமல் கிடந்தது. நாற்காலி முதுகெல்லாம் மேசியின் சின்னச் சின்ன உடுப்பு. தரையில் பால் பாட்டில், டயபர் பொட்டலம். சமையல் மேடையில் நேற்றைய தட்டு. உள்ளே மேசி சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் வேணும்னா எடுத்துக்குங்க, ஒழுங்குபடுத்திட்டுக் கூப்பிடுங்க" என்றார் ஃபிளெட்சர். மரியாதையாகத்தான் சொன்னார்.

வெட்கமாக இல்லை என்று எழுத ஆசை. இருந்தது. முகம் சுட்டது.

கதவை அகலத் திறந்து, "இப்பவே வாங்க" என்றேன்.