தோள்மேல் இருக்கும் கை

வேப்பனப்பள்ளி
12.5.2025

அன்புள்ள மேகலாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.

நான் போன் எடுக்கவில்லை என்று அம்மாவின் போனில் அழுதாயாம். எடுக்க மாட்டேன். அதை அணைத்து அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டேன். பேருந்துப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். எனக்குக் கடிதம் போதும்.

நேற்று மாங்காய் மண்டி அப்துல் சலாம் பெங்களூரிலிருந்து ஒரு காலி மாம்பழப் பெட்டி கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பெட்டிமேல் என் முகம்! “என்ன கோவிந்தண்ணே, ஆன்லைன்ல யாவாரம் ஆரம்பிச்சிட்டீங்க, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?” என்று சிரிக்கிறார். உள்ளே இருந்தது கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழமாம். ஒரு பருவத்திலும் கல் வைக்காதவன் முகத்துக்குக் கீழே!

போன வருடம் தோட்டத்தில் நீ எடுத்து முகநூலில் போட்ட படம் அது. அதைத் திருடிய ஆன்லைன் கடைக்காரன் பக்கத்தில் நின்ற உன் அம்மாவை வெட்டிவிட்டான். என் தோள்மேல் அவள் கை மட்டும் வளையலோடு இருக்கிறது. “அது யார் கை?” என்று ஊரே கேட்கிறது.

என்னைக் கேட்காமல் ஏன் போட்டாய்? இனி என் படம் எங்கேயும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் நீக்கும்வரை ஓசூர்ப் பக்கம் வரமாட்டேன். பாப்பா காதுகுத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கோபத்தோடும் ஆசியோடும்,
கோவிந்தப்பன்

பி.கு: நம் தோட்டத்துச் செந்தூரா மாம்பழம் ஒரு பெட்டி பஸ்ஸில் போட்டிருக்கிறேன். அது வேறு, இது வேறு.

ஓசூர்
16.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பழம் வந்தது. பாப்பாவின் கவுன் முழுக்கச் சாறு.

கேட்டிருக்க வேண்டும் அப்பா. இரண்டு பேரும் அன்று அத்தனை அழகாக இருந்தீர்கள், யோசிக்காமல் போட்டுவிட்டேன். இப்போது என் படங்களை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிவிட்டேன். அந்தக் கடைக்காரனுக்கு எழுதினேன். “இது எங்கள் விவசாயி, எங்கள் படம்” என்று சாதிக்கிறான். விடமாட்டேன்.

நீங்கள் இல்லாமல் காதுகுத்தா? அப்படிச் சொல்லாதீர்கள்.

உங்கள் மேகலா

வேப்பனப்பள்ளி
20.5.2025

அன்புள்ள மேகலாவுக்கு,

அவனுடைய விவசாயியா நான்? அவன் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடலை உரித்துக்கொண்டே சொன்னாள்: “என்னை வெட்னவன் என் கைய வெட்ட மறந்துட்டான் பாரு. முழுப் படம் நம்மகிட்டதான இருக்குது? அந்தக் கை யாருதுன்னு அவன்கிட்டயே கேக்கச் சொல்லு மேகலாவ.” எனக்குத் தோன்றவில்லை. அவளிடம் அதைச் சொல்லிவிடாதே.

கோவிந்தப்பன்

ஓசூர்
29.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா ஜெயித்துவிட்டார்! முழுப் படத்தையும் அவன் விளம்பரத்தையும் சேர்த்து சைபர் கிரைமில் புகார் கொடுத்தேன். நகலை அவனுக்கும் அனுப்பினேன். அவன் படத்தில் கை மட்டும், நம் படத்தில் கைக்குச் சொந்தக்காரி. நேற்று எல்லாவற்றையும் நீக்கிவிட்டான், பெட்டியையும் மாற்றிவிட்டான். விற்றுப்போன பெட்டிகளைத் திரும்ப வாங்க முடியாது அப்பா. வேறு எங்காவது உங்கள் முகம் தெரிந்தால் மறுபடி புகார் கொடுப்பேன்.

வருகிற எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. பேனர் மாதிரியைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறோம். நீங்கள் சொன்னபடி உங்கள் படம் அதில் இல்லை. மனசே வரவில்லை, ஆனாலும் உங்கள் பேச்சை மீறக் கூடாது. அம்மா, “அவர் இல்லாம நான் மட்டும் எதுக்கு?” என்று தன் படத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டார்.

வருவீர்கள்தானே?

உங்கள் மேகலா

வேப்பனப்பள்ளி
2.6.2025

அன்புள்ள மேகலாவுக்கு,

உன் அத்தை சரோஜம்மாள் காலையில் வந்தாள். உட்காருவதற்குள் ஆரம்பித்தாள்: “ஏண்ணா, பொண்ணோட சண்டையா? மாப்பிள்ளையோட ஒண்ணுவிட்ட சித்தப்பனெல்லாம் பேனர்ல சிரிச்சிகினு நிக்கிறான். உன் மூஞ்சியக் காணோம்! எங்க ஊட்டு நாய்க்கும் உனக்கும்தான் இடமில்ல போல.”

நம் பக்கத்தில் செத்தவர்களுக்குக்கூட பேனரின் மூலையில் இடம் உண்டு. உயிரோடு இருப்பவன் இல்லையென்றால் பகை என்றுதான் அர்த்தம். இது உனக்குத் தெரியாதா?

போடாதே என்றது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. இன்னொரு முறை கேட்டால் என்ன? கேட்காமல் போட்டதும் குற்றம், கேட்காமல் எடுத்ததும் குற்றம்.

சுவரில் மாட்டியிருந்த முழுப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பின்புறம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அனுமதி ஒரே ஒரு பேனருக்கு. அம்மாவை வெட்டக் கூடாது. வெட்டினால் புகார் கொடுப்பேன், எங்கே கொடுப்பது என்று இப்போது எனக்கும் தெரியும்.

விழா முடிந்ததும் பேனரைச் சுருட்டி என்னிடமே கொடுத்துவிடு. வைக்கோல் போருக்குப் படுதா இல்லை. எங்கள் முகம் உள்பக்கம் இருக்கும்படி மூடிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம்.

ஆசியோடு மட்டும்,
அப்பா

பி.கு: போனை வெளியே எடுத்துவிட்டேன். டிரம்மில் அரிசி தீர்ந்துவிட்டது. வேறு காரணம் இல்லை.