இடது பக்கத்துக்கு ஆள் இல்லை

மார்ச் 3, செவ்வாய்
சபை ஆண்டு விழாவுக்குக் கடைசி நியாயத்தீர்ப்பு நாடகம். எழுதுவதும் நான், ஆள் பிடிப்பதும் நான். சாத்தான் வேடத்துக்கு ஆறு பேர் போட்டி. கடைசியில் தோற்று அக்கினிக் கடலில் விழுகிறவன்தான், ஆனால் கொம்பும் வாலும் உண்டே! பரலோகம் போகிற நல்லவர்களாக, வலது பக்கச் செம்மறியாடுகளுக்குப் பதினான்கு பேர். நரகத்துக்குப் போகிற இடது பக்க வெள்ளாடுகளுக்கு ஈ காக்காய் இல்லை.

மார்ச் 5
தையற்காரர் அடித்துச் சொல்லிவிட்டார். "சாத்தானா வேணா வர்றேன் டீச்சர். வெள்ளாடா நின்னா, நெசமாவே நான் அப்படித்தான்னு நெனச்சுக்குவாங்க."

மார்ச் 8, ஞாயிறு
அத்தான் ஃபோன் செய்தார். அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷனாம். "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போம்மா."

போகமாட்டேன். அம்மாவை மூன்று வருஷம் தூக்கிக் குளிப்பாட்டியது யார்? அம்மாவின் சவப்பெட்டியை மூடும் முன்னே, அத்தனை பேர் காதிலும் விழ, அக்கா "நீ பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானா"ன்னு கேட்டாளே! அந்த நாள் வரட்டும். ஆண்டவரே எல்லார் முன்னாலயும் கேப்பார். அவ எந்தப் பக்கம் நிக்கிறான்னு அன்னிக்குப் பாக்குறேன்.

மார்ச் 10
ஒத்திகை. செம்மறிகள் பதினாறாகிவிட்டன. மேடையே வலது பக்கம் சாய்ந்துவிடும்.

மார்ச் 12
தலையெழுத்து. வெள்ளாடும் நானே.

மார்ச் 15, ஞாயிறு
நியாயாதிபதியாக பிளம்பர். வெண்கலத் தொண்டை. சாத்தான் விழுந்தான், கூரை அதிரக் கைதட்டல். பிறகு இடது பக்கம் அட்டைக் கொம்போடு நான் ஒருத்தி. பிளம்பர் என்னை நோக்கிக் கை நீட்டினார். "நான் நோயா படுத்துக் கிடந்தேன். ஏன் வந்து பாக்கல?"

நான் எழுதிய வசனம்தான். "ஆண்டவரே, நீங்க எப்போ படுத்துக் கிடந்தீங்க?" என்ற பதிலும் நான் எழுதியதுதான். வாயைத் திறந்தேன், வரவில்லை. மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை, "டீச்சர், வசனம்" என்று முணுமுணுத்தார். முன் வரிசையில் அத்தான் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல்? அத்தான் மேலா, பிளம்பர் மேலா — ஆண்டவர் மேலேயேவா?

மார்ச் 16
ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"உனக்கு வெள்ளாடு வேஷமாமே?"

"ஆமா."

"பொருத்தமாத்தான் இருந்திருக்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தலையணையைச் சரிசெய்தேன். அப்போதும் திரும்பாமல், "பக்கத்துல எனக்கும் ஒரு இடம் போட்டிருக்கலாம்ல?" என்றாள்.

அவள் தலை ஒரே சிக்காகக் கிடந்தது. சீவிவிட்டேன். வலிக்குது வலிக்குது என்று கடைசிவரை திட்டிக்கொண்டே இருந்தாள்.