ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினாறு பேர்

1965 மே 22, சனிக்கிழமை. மாலை ஆறரை மணி. நாளை வகுப்புக்கு வருகிறேன் என்றவர்கள் ஒன்பது பேர். வேண்டியது பதினாறு பேர்.

ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியம் பயிற்சிக்கு வந்த ஆசிரியர் ஒருவர் மின்சுருளில் அளவுக்கு மேல் மின்சாரம் விட்டுக் கருக்கிவிட்டார். வார்னிஷ் எரிந்த வாசனை இன்னும் போகவில்லை. போன வருடமும் ஒருவர் இதே வேலையைச் செய்தார். "உடுங்க சார், கருகுனாத்தான் பாடம் மனசுல நிக்கும்" என்று நீ அவரைத் தேற்றினாய். நான் புதுச்சுருள் எத்தனை நாளில் வரும் என்று சொன்னேன். அவர் முகம் இன்னும் சுருங்கியது. அந்த வாசனைதான் இதை எழுத வைத்தது. நீ படிக்கப்போவதில்லை. போன ஆடியில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது, பத்து நாளில் போய்ச் சேர்ந்தாய். உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. உன் பாடங்களையும் நானே எடுக்கிறேன்.

பள்ளி ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகம் நம் கல்லூரியில் நடத்தும் கோடைப் பயிற்சி உனக்குத் தெரிந்ததுதான். இந்த முறை முப்பத்தொரு பேர். இருபது வருடம் பிரம்பு பிடித்தவர்கள் நம்மைப் போன்ற பொடியன்கள் பெயர் கூப்பிட்டதும் எழுந்து "உள்ளேன் ஐயா" என்பார்கள். பத்து நாள் போனால் கடைசி பெஞ்சுக்கு அடிதடி. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ரெக்கார்டு எழுதுவார்கள். எனக்கு எரிச்சல் வரும், உனக்குச் சிரிப்பு வரும்.

விதிகள் மாறவில்லை. நாலில் மூன்று பங்கு வகுப்புக்கு வந்திருக்க வேண்டும். தனக்கே உடம்பு சரியில்லை என்று மருத்துவர் எழுதித் தந்தால் சலுகை உண்டு, வேறு எதற்கும் கிடையாது. போன வருடம் மதுக்கரை சார் ஒருவர் அப்பாவின் கருமாதிக்குப் போய், ஒரே ஒரு வகுப்பில் குறைந்து நின்றார். "விதி விதிதான், அடுத்த வருடம் வரட்டும்" என்றேன். நீ விதிப் புத்தகத்தைத் தலையணை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தாய்.

"ஏப்பா, கூடுதலா வகுப்பு வெக்கக் கூடாதுன்னு எங்கயும் போடலியே" என்றாய்.

கணக்கை நான் போட்டேன். முக்கால் பங்குக்கு ஒன்று குறைந்தால், கூடுதலாக நாலு வகுப்பு வைத்து அவர் நாலுக்கும் வந்தால் சரியாகிவிடும். நாலு வகுப்பு என்றால் ஒரு முழு ஞாயிறு. ஆனால் பாதிப் பேருக்கு மேல் வராத வகுப்பு வகுப்பாகாது என்று இன்னொரு விதி இருந்தது. ஒருவருக்காகப் பாதிக் கூட்டத்தின் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்க வேண்டும். நான் நோட்டீஸ் ஒட்டலாம் என்றேன். நீ விடுதியில் அறை அறையாகப் போனாய்.

அந்த ஞாயிறு காலையில் ஒரு ஆள் குறைந்தது. முன்வரிசையில் இருந்த ஈரோட்டு சார், "ஒண்ணு தானுங்களே, இருக்கறாப்பல போட்டுக்குங்க. யாரு வந்து எண்ணப்போறா?" என்றார்.

"உங்க பையன் இப்பிடிச் சொன்னா முட்டி போட வெப்பீங்களாட்ட இருக்குதுங்க" என்றாய். வகுப்பே சிரித்தது. பிறகு சிரிக்காமல் சொன்னாய்: "பொய்யா எழுதிப்போட்டு அந்தச் சாருக்குச் சான்று குடுத்தா, அவரு அதய எப்பிடீங்க சொவுத்துல மாட்டுவாரு?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். அரைமணி கழித்து, ஒரு கன்னம் மழித்து மறு கன்னத்தில் சோப்பு காய்ந்த ஒரு கணக்கு வாத்தியாரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தாய். அவர் நாலு வகுப்பும் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டே இருந்தார்.

இந்த வருடம் வால்பாறை எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர். குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று தகவல் வந்து மலைக்குப் போனார். தண்ணீர் ஊற்றும் வரை அம்மா வீட்டைவிட்டு நகர முடியாது. அம்மைக்கு யார் மருத்துவரிடம் போனார்கள், போனாலும் அது குழந்தையின் சீட்டு. திரும்பி வந்தபோது ஒரு வகுப்பு குறைகிறது. பயிற்சி முடித்த அறிவியல் ஆசிரியர் இருந்தால்தான் ஜூனில் அங்கே ஒன்பதாம் வகுப்பு திறக்க அனுமதி. இல்லாவிட்டால் எட்டு முடித்த பெண்கள் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். ஒரு வருடம் கழித்துக் கூப்பிட்டால் திரும்பி வரமாட்டார்கள் என்கிறார். அழவில்லை. "எனக்காகன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லீராதீங்க சார், கூச்சமா இருக்குதுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. இன்று கடைசி வகுப்பில், "நாளை நான்கு வகுப்பு. காரணம் கேட்க வேண்டாம். வருகிறவர்கள் கை தூக்கலாம்" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஞாயித்துக்கெழமையுமுங்களா? எங்க பசங்களுக்கு நாங்களே இப்பிடி ஒரு கொடுமை பண்ணுனதில்லீங்க."

ஒன்பது கைகள். அதில் ஒன்று டீச்சருடையது.

கணக்கு எனக்கு வரும். கேட்பது வராது. நீ போனபின் என்னிடம் மிச்சம் இருப்பது விதிப் புத்தகத்தில் நீ கண்டுபிடித்த அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்ற தகவல் மட்டும்தான் என்று இன்று மதியம் வரை நினைத்தேன். அந்த ஓட்டை வழியாக ஒருவரும் தானாக வரமாட்டார்கள், ஒவ்வொருவரையும் போய் அழைக்க வேண்டும் என்பதையும் நீதான் காட்டியிருக்கிறாய். அப்போது நான் கவனிக்கவில்லை.

இனிச் செய்யப்போவது:

1. இப்போதே டீச்சர் தங்கியிருக்கும் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய், காரணத்தைச் சொல்ல அனுமதி கேட்பேன். சொல்லாவிட்டால் ஆள் சேராது என்பதையும் சொல்வேன்.

2. சரி என்றால், விடுதியில் ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன். 'வரவேண்டும்' என்று சொல்லமாட்டேன். 'வாங்க' என்பேன்.

3. கொடுமை என்றவரிடம் முதலில் போவேன். அவர் பேச்சைக் கேட்கிறவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள்.

4. ஊருக்குப் போகிறவர்களைக் காலை முதல் பஸ்ஸுக்கு முன்னால் ஸ்டாண்டில் பிடிப்பேன்.

5. பத்து மணிக்கு எண்ணுவேன். பதினாறு இருந்தால் தொடங்குவேன். பதினைந்து இருந்தால், டீச்சரின் முகத்தைப் பார்த்து, பதினைந்து என்றே சொல்வேன்.