மதகு பேண்டில் அம்மா

கம்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் பாண்டீஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்கச் சுருளி வேலப்பரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய், இதை எனக்கு ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். விஷயம் இதுதான், நான் ஒரு பேண்டில் சேர்ந்துவிட்டேன்.

மாடி அறையைப் பிரின்ஸுக்கு வாடகைக்கு விட்டது உனக்குத் தெரியும், கல்யாணங்களுக்குச் சாக்ஸபோன் வாசிக்கப் போகிறவன். அவனோடு சேர்ந்து உத்தமபாளையத்து ஜெபஷீலா கிட்டாரும் கர்ணன் டிரம்ஸும் வாசிப்பார்கள், சனி ஞாயிறு பகல் முழுக்க மாடி அதிரும். ஒருநாள் அடுக்களையில் டம்ளர் உருண்டு விழவும் சண்டை போடத்தான் மேலே ஏறினேன். அங்கே பாட்டென்று ஒன்றும் இல்லை. கிட்டார் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறது, டிரம்ஸ் அதோடு மல்லுக்கட்டுகிறது, சாக்ஸபோன் இரண்டுக்கும் கட்டுப்படாமல் கன்றைத் தொலைத்த மாடு மாதிரி கதறுகிறது, நடுவில் ஜெபஷீலா கவிதை வாசிக்கிறாள். வாசலிலேயே நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, சாக்ஸபோன் அழுகிறது, நீ மட்டும் ஏம்மா வாத்தியாரிடம் ஒப்பிக்கிற மாதிரி வாசிக்கிறாய் என்று கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, தாளை என் கையில் கொடுத்துவிட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன தொண்டை, சும்மா இருக்குமா? வாசித்தேன். கர்ணன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கும் வாங்கம்மா என்றான். இதற்குப் போஸ்ட் பங்க் என்று பெயராம், அதில் ஃப்ரீ ஜாஸும் கலந்திருக்கிறதாம், உனக்குச் சொல்ல வேண்டுமே என்று எழுதி வைத்துக்கொண்டேன். யார் எப்போது எந்தப் பக்கம் போவார்கள் என்று முன்கூட்டி முடிவு கிடையாது, ஒருத்தர் சொல்வதை மற்றவர் காது கொடுத்துக் கேட்டால் போதும். பேண்டின் பெயர் மதகு. அப்பாதான், இந்த வயசுல ஊரு சிரிக்கணுமா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். நான் மறுநாளும் மாடி ஏறினேன்.

பிறகு நானே ஒரு கவிதை எழுதினேன். அதை உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். சாமி அலமாரியில் படமாக இருக்கிற மாயக்காள் பெரியம்மா காய்ச்சலில் போனாள் என்றேன் அல்லவா, அப்படி இல்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. விடுமுறை நாட்களில் ஜீப்பில் ஏறி மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போவேன். ஒருநாள், விடிந்தால் பத்தாம் வகுப்புப் பரீட்சை. நீ படிடி, இன்னைக்கு ஒன் எடத்துல நான் போறேன் என்று அக்கா என் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு போனாள். குமுளி மலைப்பாதையில் ஜீப் உருண்டுவிட்டது. அந்தப் பரீட்சையைப் பிறகு எழுதித்தான் எனக்கு வேலை கிடைத்தது, அந்த வேலையில்தான் உன்னைப் படிக்க வைத்தோம். நாற்பத்தைந்து வருஷமாக அவள் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் உன்னிடம் பெரியம்மா என்றதோடு சரி.

போன வாரம் தேனியில் புத்தகக் கண்காட்சி. ஆறு மணிக்கு எங்களுக்கு அரை மணி நேரம், ஏழு மணிக்குப் பட்டிமன்றம், அதற்கு நாற்காலி பிடிக்க வந்த கூட்டம்தான் எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தது. பிரின்ஸ் ஊத ஆரம்பித்ததும் முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்தினார், பாதிப் பேர் பஜ்ஜிக் கடைக்குப் போனார்கள், மைக்தான் கெட்டுவிட்டதென்று ஒருவர் மேடைக்கே வந்து ஒயரை ஆட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பயம் போய்விட்டது. வாசித்தேன்:

பத்துப் பேர் ஏறும் வண்டியில்
இருபது பேர்.
எனக்கு வைத்த இடத்தில்
என் அக்கா.

அடுத்து அவள் பெயர். வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. கர்ணன் நிறுத்திவிட்டான், கிட்டாரும் நின்றது. பிரின்ஸ் மட்டும் என்னையே பார்த்தபடி ஒரே சுரத்தை மெல்லப் பிடித்து வைத்திருந்தான், மூச்சு தீர்ந்ததும் வாங்கிக்கொண்டு மறுபடி அதையே. மாயக்கா என்றேன். பிறகு கத்தினேன். டிரம்ஸ் திமுதிமுவென்று வந்து சேர்ந்தது, தாளில் இல்லாததையெல்லாம் சொன்னேனாம், எனக்கு நினைவில்லை. முடிந்தபோது கடைக்குப் போனவர்கள் கையில் பஜ்ஜித் தாளோடு திரும்பி வந்து நின்றிருந்தார்கள். கீழே இறங்கியதும் தேவாரம் ஊர்க்காரப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்க அத்தையும் இப்படித்தாம்மா போனாக, இதையெல்லாம் மேடையில சொல்லலாமா என்று கேட்டாள். சொல்லலாம் என்றேன்.

பட்டிமன்றம் கேட்கவென்று அப்பாவும் தேனிக்கு வந்திருந்தார். திரும்பும்போது பஸ் சின்னமனூரைத் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே, "அன்னைக்கு அந்த ஜீப்பத் தூக்குன ஆளுகள்ல நானும் ஒருத்தன். ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமலே இருந்துட்டேன்" என்றார். கம்பம் வரும்வரை அவர் பேசிக்கொண்டே வந்தார், நான் கேட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். இப்போது ஒத்திகைக்கு அவர்தான் மாடிக்கு டீ கொண்டுவருகிறார், இன்னுங் கொஞ்சம் கூட்டி ஊதுப்பா என்று பிரின்ஸுக்கு யோசனை வேறு. அடுத்த மாதம் மதுரையில் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாரும் கறுப்புச் சட்டை போட வேண்டும் என்கிறாள் ஜெபஷீலா, எனக்கு மட்டும் கறுப்புச் சேலை என்று பேசி முடித்திருக்கிறோம்.

நீ வேலை வேலை என்று ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஓடாதே, வாரத்தில் இரண்டு நாளாவது சோறு பொங்கு. காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும், நிறைந்த ஆயுசோடு இரு. ஜெபஷீலா வீடியோ அனுப்புவாள், பஸ்ஸில் நின்றுகொண்டு பார்க்காமல் தனியாக உட்கார்ந்து பார். பார்த்துவிட்டு மனதில் தோன்றியதைச் சொல், அம்மாவாயிற்றே என்று பூசி மெழுக வேண்டாம். பிடிக்கவில்லை என்று சொன்னாலும் நான் நிறுத்தப்போவதில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உன் அம்மா,
சுருளியம்மாள்