கொடி ஏறிய நாளில் ஒரு பெயர்

நுனா தீவு,
2 ஆகஸ்ட் 1981

அன்பு மகன் தீத்துவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இங்கே உயிரோடும் ஓரளவு பல்லோடும் இருக்கிறோம். சாந்தோ சிறையில் உன்னை ஆண்டவர் சுகமாக வைத்திருப்பாராக.

என் மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது உனக்கு எழுதுவதற்குள். வியாழக்கிழமையோடு, பிரிட்டிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் சேர்ந்து ஆண்ட நம் தீவுகள் விடுதலையாகி ஒரு வருஷம். நம் ஊருக்கென்று ஒரு கொடி இப்போதுதான் வந்து சேர்ந்தது. சபை மூப்பர் என்று என்னை ஏற்றச் சொன்னார்கள். கோட்டு போட்டுக்கொண்டு ஏற்றினேன். பாட்டு முடியும்வரை எல்லாரும் விறைப்பாக நின்றார்கள். பிறகு வாத்தியார் என் காதோரம் வந்து, "மூப்பரே, பச்சை மேல நிக்குது. சிவப்புதான் மேல வரணும்" என்றார். இறக்கித் திருப்பிக் கட்டும்போது உன் அம்மா ஊருக்கே கேட்கும்படி, "விடுங்க, வீட்டுல சட்டையவே இவரு திருப்பித்தான் போடுவாரு" என்றாள். நீ சிறைக்குப் போனபின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதற்காகவே இன்னொரு தடவை தலைகீழாக ஏற்றலாம் போலிருந்தது.

கிழங்கு இந்த வருஷம் சுமார்தான். உன் நாய் இன்னும் படகுத்துறையில்தான் படுத்துக்கிடக்கிறது. கூப்பிட்டால் வருவதில்லை.

கொடி ஏற்றியபின் கோயிலில் நன்றி ஆராதனை. கல்மெட் முன்வரிசையில் பழைய போலீஸ் உடுப்போடு உட்கார்ந்திருந்தான். நீயும் உன் கூட்டாளிகளும் சாந்தோ தீவை மட்டும் தனிநாடாக்கக் கிளம்பியபோது அடக்க வந்தவர்களில் அவனும் ஒருவன். உங்கள் பக்கத்திலிருந்து வந்த அம்பில் அவனுடைய இடது கண் போயிற்று. எய்தது நீ இல்லை என்று எழுதியிருந்தாய். நம்புகிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்றாயே, மகனே. ஒரே படகில் மீன் பிடித்து வளர்ந்தவர்கள் நீங்கள். விடுதலைக்காகத்தான் போனேன் என்கிறாய். அவனும் அதையேதான் சொல்கிறான்.

போதகர் பிரசங்கத்தில், "பிரிட்டிஷ்காரனும் போயிட்டான், பிரெஞ்சுக்காரனும் போயிட்டான், சரி. நெஞ்சுக்குள்ள பகையும் பயமும் உக்காந்திருக்கே, அதுங்கள எந்தக் கொடியக் காட்டி வெரட்டுவீங்க? அந்தக் கட்டு கிறிஸ்து அவுத்தாத்தான் அவுழும்" என்றார். கல்மெட் வீட்டாருக்குத்தான் சொல்கிறார் என்று நானும் பலமாகத் தலையாட்டினேன்.

அடுத்து என் ஜெபம். நம் வழக்கம் உனக்குத் தெரியும். மூப்பர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, சபை ஆமென் சொல்லும். நோயாளிகளைச் சொன்னேன். கடலுக்குப் போனவர்களைச் சொன்னேன். "சிறையில் இருக்கிறவர்களுக்காக" என்றேன். நம் ஊரிலிருந்து நீ ஒருவன்தான். கண்ணைத் திறந்தால் எதிரே கல்மெட்டின் முகம். இருமினேன். "நம் தேசத்துக்காக" என்று தாண்டப் பார்த்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து கல்மெட்டின் அம்மா லெய்சாவ் எழுந்தாள். "மூப்பரே, ஒரு ஆள விட்டுட்டு எங்க ஓடுறீங்க?" என்றாள். நான் நின்றேன். அவளே கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்க தீத்து. அந்தப் புள்ளய வீடு கொண்டாந்து சேரும்" என்றாள். முதல் ஆமென் கல்மெட்டிடமிருந்து வந்தது. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. பிறகு சபை முழுவதும் சொன்னது. உன் அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

விருந்தில் லெய்சாவ் மகனுக்கு, கிழங்கை அரைத்து இலையில் சுட்ட லாப்லாப் வைத்தாள். இலையை அவனுக்கு வலப்பக்கமாக நகர்த்தி வைத்தாள், இடப்பக்கம் வைத்தால் அவனுக்குத் தெரியாது. அதைப் பார்த்தபின் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அவள் விடுதலையானவள், தீத்து. நான் கோட்டு போட்டுக் கொடி ஏற்றியவன், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போ. பிறகு நம் வீட்டுக்கு வா. கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அப்பா,
கல்தபாவ்

பி.கு.: அன்று உன் பெயருக்குச் சபையே ஆமென் சொன்னது. மூப்பர் மட்டும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஆமென்.