ஏழு உறைகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நேரில் சொல்லப் பயம். அதனால் இதை உங்கள் சட்டைப் பையில் வைக்கிறேன்.

போன மாதம் கால்நடை டாக்டர், வகை வகையான ரத்தம் இருந்தால் நம் நாட்டுப் பன்றி இனத்தைக் காப்பாற்றலாம் என்று, சோதனைக்கு நம் ஏழு பன்றிகளின் முடியையும் தனித்தனி உறையில் கேட்டாரே? நீங்கள் என்னைப் பிடுங்கச் சொன்னீர்கள். தொங்கக்காதி மட்டும்தான் தொட விட்டாள். மற்றவை கடிக்க வந்தன. ஏழு உறையிலும் இருப்பது அவள் முடிதான்.

இன்று டாக்டர், "ஏழும் ஒரே ரத்தங்க. இதுல காப்பாத்த என்ன இருக்கு? வித்துட்டு வெள்ளைப் பன்னி வாங்குங்க" என்றார்.

"குணத்துல ஏழும் ஏழு திசை, ரத்தம் மட்டும் ஒண்ணாக்கும்!" என்று சிரித்தீர்கள். பிறகு நீங்கள் சாப்பிடவில்லை.

காலையில் கறிக்கடை வண்டி வருகிறது. என்னை அடிப்பதென்றால், அதைத் திருப்பி அனுப்பிவிட்டு அடியுங்கள்.

உங்கள் சின்ன மகள்